தாயத்து எழுதும் புழு

உங்கள் ஜன்னலோரத் தொட்டியில் இருக்கும் ஆரஞ்சுச் செடிக்குப் புழு வந்திருக்கிறது. புத்தாண்டுக்கு வாங்கி வைத்ததாக இருக்கும். பண்டிகை முடிந்த பிறகு யாரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை போலிருக்கிறது. மேல் கொப்பில் இளம் இலைகள் சுருண்டிருக்கின்றன. நான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்தே தெரிகிறது. ஒன்றைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இலைக்குள் ஒரு வெள்ளிக் கோடு வளைந்து வளைந்து போகும். கோட்டின் நடுவே மெல்லிய கருப்பு நூல் ஒன்று ஓடும். அது புழுவின் கழிவு. கோடு முடிகிற இடத்தில் புழு இருக்கும்.

வேண்டாமென்றால் விடுங்கள். என் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. அதனால் சொன்னேன்.

நேற்று நீங்கள் சோற்றைப் பற்றிக் கேட்டீர்கள். அன்று குக்கரில் சோறு ஏன் அரைவேக்காடாக இருந்தது என்று. என் தம்பி மனைவி லுவா சொல்லியிருப்பாள். துக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு போட மூடியைத் திறந்தவள் அவள்தான். கரண்டு போய்விட்டது என்று நான் சொன்னேன். நீங்கள் அடுத்த வீட்டுக்குப் போய் விசாரித்தீர்கள். அங்கே அன்று மதியம் முழுக்க ஃபேன் ஓடியிருக்கிறது.

உங்களுக்கு முன்னால் வந்த போலீஸ்காரர்கள் சோற்றைக் கேட்கவில்லை. அவர்கள் பக்கத்து வயல்காரன் தோவான் எலிக்காகக் கரண்டு விடும் கம்பியைப் பார்த்தார்கள், அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நீங்கள் கால்வாய்க் கரையில் நின்று, மரத்தில் கம்பி கட்டியிருந்த தடத்தை விரலால் தொட்டு மோந்து பார்த்தீர்கள். அதையும் நான் பார்த்தேன். அதைப் பற்றி மட்டும் இன்னும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். புழுவிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

எங்கள் ஊர் ஆரஞ்சுத் தோட்டங்களில் இதைத் தாயத்து எழுதும் புழு என்பார்கள். பூசாரி மஞ்சள் காகிதத்தில் கிறுக்கித் தருவதைப் போலவே இருப்பதால். இதன் தாய் ஒரு அந்துப்பூச்சி. கொசுவை விடச் சிறியது. வெள்ளி இறகு, நுனியில் ஒரு கருப்புப் புள்ளி. பகலில் கண்ணில் படாது. பொழுது சாயும்போது இளந்துளிரில் உட்கார்ந்து ஒரு முட்டை வைத்துவிட்டுப் போகும். பனித்துளி என்று நினைப்பீர்கள். முட்டையிலிருந்து வரும் புழு வெளியே எட்டிக்கூடப் பார்க்காது. நேராக இலைக்குள் இறங்கிவிடும். மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் நடுவில் படுத்துக்கொண்டு சாற்றைக் குடித்தபடியே நகரும். இரண்டு தோலையும் கிழிக்காது. யாருக்கும் தொந்தரவு இல்லாமல் வீட்டுக்குள்ளேயே இருப்பது போல இருக்கும்.

அதற்கு இளம் இலைதான் வேண்டும். முற்றிய இலையைத் தொடாது. அதனால் மரங்கள் துளிர்விடும் காலத்தில் எனக்கு நிலைகொள்ளாது. எழுந்ததும் பல் துலக்காமல் போய் இலைகளைத் திருப்பிப் பார்ப்பேன். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து போவேன். வளர்ந்த மரத்துக்கு இதனால் பெரிய கெடுதல் கிடையாது. விவசாய அலுவலகத்திலிருந்து வந்த பெண்ணும் அதைத்தான் சொன்னாள்.

"விட்டுடுங்கம்மா. அதுபாட்டுக்கு வரும், அதுபாட்டுக்குப் போகும்."

எனக்கு அது தெரியும். என் தம்பி வின்னுக்கும் தெரியும். தெரிந்தும், அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டால் எங்கள் இருவராலும் சும்மா இருக்க முடியாது. அதில் நாங்கள் ஒரே இரத்தம். அவன் மருந்தை நம்பினான். நான் முசுறை, மரத்தில் இலைக்கூடு கட்டும் செவ்வெறும்பை, நம்பினேன். தகராறு அவ்வளவுதான்.

முசுறு நடமாடும் இலையில் அந்துப்பூச்சி உட்காராது. உட்கார்ந்தால் திரும்பிப் போகாது. எங்கள் அப்பா காட்டிலிருந்து முசுறுக் கூடுகளைச் சாக்கில் கட்டிக் கொண்டுவந்து தோட்டத்தில் விட்டார். கோழிக்குடலும் மீன்குடலும் கொப்பில் கட்டித் தொங்கவிடுவோம். எங்கள் தோட்டம் பாத்தி பாத்தியாக இருக்கிறது, பாத்திகளுக்கு நடுவில் கால்வாய். முசுறால் தண்ணீரைத் தாண்ட முடியாது. அதனால் கால்வாய்க்கு மேலே மரத்துக்கு மரம் கயிறு கட்டுவோம். அதில் வரிசையாகப் போகும், வரும். தோட்டம் முழுக்க எத்தனையோ கூடு இருக்கும். ராணி இருப்பது ஒரே கூட்டில்தான். எங்கள் ராணி கால்வாயின் மேற்குக் கரையில் நின்ற பழைய மாமரத்தில் இருந்தது. ராணி இருக்கும் மரத்தோடு தொடர்பு அறுந்தால் மற்ற மரங்களில் இருக்கும் முசுறு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து இல்லாமல் போகும்.

மேற்குக் கரை வின்னுடையது. கிழக்குக் கரையை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தான். பேச்சுக்கு அப்படிச் சொல்வோம். எல்லாமே அவனுடையதுதான். எங்கள் வழக்கத்தில் கடைசிப் பையனுக்குத்தானே வீடும் முன்னோரைக் கும்பிடும் மேடையும். மூத்தவர்கள் கிளம்பிப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டிலும் போனார்கள். நான் போகவில்லை. அம்மா சாகும்போது வின் பால் மறக்காத பிள்ளை. ஆற்றுக்கு அக்கரையிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். வின் அப்போது என் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவான். அதனால் போகவில்லை. அதைச் சொல்லிக்காட்டுவது என் வழக்கமில்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். நீங்கள் கேட்கவில்லைதான்.

அவன் வளர்ந்ததும் செருப்பு ஆலையில் வேலைக்குப் போனான். அங்கேயே லுவாவைக் கல்யாணம் செய்துகொண்டான். அப்பா போன பிறகு இருவரும் திரும்பி வந்தார்கள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவன் நல்லவன். இதை எழுதிக்கொள்ளுங்கள். என்னிடம் குரல் உயர்த்திப் பேசியதில்லை. கேலி பேசுவான்.

"கோழிக்குடல் எறும்புக்கு, கீரைத்தண்டு எனக்கு. நான் உனக்குத் தம்பியா, அது தம்பியாக்கா?"

"அது வேலை செய்யுது" என்பேன்.

பக்கத்து வயல் தோவான் சாயங்காலம் சாராயப் புட்டியோடு வருவான். அவன் மனைவி சந்தையில் மீன் அரிகிறவள். முசுறுக்கு மீன்குடல் கொண்டுவந்து கொடுப்பதும் அவன்தான். என் தம்பியோடு உட்கார்ந்தால் பேச்சு என்னிடம்தான் வந்து நிற்கும்.

"டேய் வின், உங்கக்காவுக்குக் கல்யாணம் ஆகலன்னு எவன்டா சொன்னான்? முசுறைல்ல கட்டிக்கிட்டாங்க. மரத்துக்கு மரம் உனக்கு மச்சானுங்க."

வின் கழுத்தில் அடித்து ஒரு முசுறை நசுக்கிக் கீழே போடுவான்.

"மச்சான் மரியாதை இல்லாம கடிக்கிறாருப்பா."

நானும் சிரிப்பேன். கோபம் வராது. நான் கோபக்காரி இல்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

பிறகு அவன் முதுகில் மாட்டும் பம்ப் ஒன்று வாங்கினான். மேற்குப் பாத்திகளுக்கு மருந்தடித்தான். காற்று என் பக்கம் வீசியது. சாயங்காலம் கால்வாயில் முசுறு தவிடு போல மிதந்தது. நான் கூடையால் அரித்துக் கரையில் போட்டேன். சில கால்களை அசைத்தன. வின் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அக்கா, இலையைப் பாரு. ஒரு கோடு இருக்கா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"முசுறும் இல்ல."

"புழுவே இல்லாதப்ப முசுறு எதுக்கு?"

நியாயமான கேள்வி. மாமரத்தின் உச்சியில் ராணிக்கூடு தப்பித்திருந்தது. அதிலிருந்து மறுபடி பெருகி வந்தது. அடுத்த துளிருக்குப் புழுவும் வந்தது, முன்னைவிட அதிகமாக. வின் இன்னும் கடுமையான மருந்து அடித்தான். நான் விடியும்போதே போய் அவன் பக்கத்து இலைகளையும் திருப்பிப் பார்த்தேன். மருந்துத் திட்டுக்கு அடியில், தோலுக்குள்ளே, புழு நகர்ந்துகொண்டுதான் இருந்தது. கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

அப்புறம் லுவாவின் இமையில் ஒரு முசுறு கடித்துவிட்டது. கண் வீங்கிப்போய் சந்தைக்குப் போக முடியவில்லை. அன்று வின் அரிவாளை எடுத்துக்கொண்டு கால்வாயில் இறங்கினான். இடுப்பளவு தண்ணீரில் நின்று கயிற்றை அறுத்தான். நான் மறுநாள் கட்டினேன். அவன் மறுபடி அறுத்தான். மதியத் தூக்கம் முடிந்து, காப்பி குடித்து, கால்வாயில் இறங்குவது அவனுக்கு ஒரு வேலையாகவே ஆகிவிட்டது. அறுத்த கயிற்றைத் தூக்கி எறிய மாட்டான். அழகாகச் சுற்றி என் அறை வாசலில் வைத்துவிட்டுப் போவான்.

"உன் கயிறுக்கா. நல்ல கயிறு, வீணாக்காதே."

நான் நைலானை விட்டுவிட்டுக் கட்டுக்கம்பிக்கு மாறினேன். கம்பியை அரிவாள் அறுக்காது. அது முசுறுக்காகக் கட்டியதுதான். அப்போது வேறு எண்ணம் எதுவும் இல்லை. முசுறும் அதில் நன்றாகவே நடந்தது. வின் என்ன செய்தானென்றால், தண்ணீரில் நின்றபடி கம்பியைக் கையால் பிடித்து இழுத்து, முறுக்கைப் பிரித்து எடுத்தான். அதையும் சுருட்டி என் வாசலில் வைத்தான். நான் மறுபடி கட்டினேன். அவன் எந்த இடத்தில் இறங்குவான், எந்தக் கையால் பிடிப்பான் என்பதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது. தினமும் பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் பழகிவிடும்.

ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது ஆரஞ்சை எடுத்துவிட்டுத் துரியன் பழமரம் போடப்போவதாகச் சொன்னான்.

"எல்லாரும் துரியனுக்குப் போயிட்டாங்கக்கா. நாம மட்டும் புழுவோட மல்லுக்கட்டிட்டு இருக்கோம். முதல்ல மாமரத்தை எடுக்கணும். நிழல் கட்டுது. நாளைக்கு மெஷின் வாளோட ஆள் வரான்."

"ராணி அதுலதான் இருக்கு" என்றேன்.

"வேற மரத்துக்குப் போகச் சொல்லு. உன் பேச்சைத்தான் கேக்குமே."

லுவா சிரித்தாள். அவனும் சிரித்தான். நான் அவர்கள் சிரித்து முடிக்கட்டும் என்று இருந்தேன்.

"அப்ப என் மரங்க?"

"உன் மரமா?" என்றான்.

கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டான். கேட்ட பிறகு அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. மண்சட்டியிலிருந்து மீன் தலையை எடுத்து என் கிண்ணத்தில் வைத்தான்.

"சாப்பிடுக்கா. ஆறுது."

நான் சாப்பிட்டேன். மீன் நன்றாக இருந்தது. நான் வைத்த குழம்புதான். ஆனால் அன்று முழுக்க என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. பலகைப் பாலத்தில் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நடந்தேன். இலைகளைத் திருப்பினேன். தோலுக்குள் ஏதோ ஊர்வது போல முழங்கையைச் சொறிந்துகொண்டே இருந்தேன். முசுறு கடித்திருக்கும் என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை.

கம்பியில் கரண்டு விடுவதை நான் தோவானைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஊரில் பாதிப் பேர் எலிக்காக அப்படிச் செய்கிறார்கள். செய்யக்கூடாது என்று நீங்கள் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். கேட்பதில்லை.

அன்று மதியம் லுவா அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வின் ஃபேன் போட்டுக்கொண்டு தூங்கினான். நான் கம்பியை மறுபடி கட்டினேன். கட்டிய முனைகளில் ஒரு சின்ன வேலை இருந்தது. அதை முடித்தேன். அதற்கு மேலே, எட்டாத கொப்பில், புதிதாக ஒரு நைலான் கயிறும் கட்டினேன். வீட்டிலிருந்து வயர் இழுத்தேன். எங்கள் சமையலறையில் ஒரே ஒரு பிளக் பாயிண்ட்தான் வேலை செய்கிறது. ராத்திரிக்கான சோற்றைச் சீக்கிரமே வைத்திருந்தேன். அது பாதியில் இருந்தது. குக்கர் வயரைப் பிடுங்கினேன்.

அப்புறம் நாயைக் கட்டினேன். அது எங்கள் வீட்டில் கட்டிப்போடாத நாய். வின் கால்வாயில் இறங்கினால் அதுவும் பின்னாலேயே குதிக்கும். அன்று ஏன் கட்டியிருந்தது என்று நீங்கள் லுவாவிடம் கேட்டீர்களாம். அவளுக்கு எப்படித் தெரியும். என்னிடமே கேட்டிருக்கலாம். நாய்க்கு ஏதாவது ஆகிவிடக்கூடாது என்று கட்டினேன். பாவம், வாயில்லாத ஜீவன்.

வின் எழுந்தான். காப்பி குடித்தான். கண்ணாடி டம்ளரில் ஐஸைக் கலக்குகிற சத்தம் சமையலறைக்குக் கேட்டது. நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். அவன் கரைக்குப் போய் அண்ணாந்து பார்த்திருக்க வேண்டும்.

"அக்கா, மேல வேற ஒண்ணு கட்டிட்டியா? இது ஒண்ணு போதாதா?"

"ஆமா" என்றேன்.

"நாளைக்கு மரமே இருக்காது. நீ எதுக்குத்தான் இப்படி…" என்றான். மிச்சத்தைச் சொல்லாமல் சிரித்தான். தண்ணீரில் இறங்கும் சத்தம் கேட்டது.

அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பல தடவை யோசித்துப் பார்த்தேன். என்ன வார்த்தை என்று தெரியவில்லை. கையில் பூண்டு இருந்தது.

அவன் கத்தவில்லை. நாய்தான் கத்தியது. கயிற்றை இழுத்துக்கொண்டு, கழுத்து நெரிபட நெரிபடக் குரைத்தது. நான் அது ஓயும் வரை உட்கார்ந்திருந்தேன். அவசரப்பட்டு எழுந்தால் ஏதாவது தப்பாகிவிடும். நாய் முனக ஆரம்பித்ததும் பிளக்கைப் பிடுங்கினேன். பலகைப் பாலத்தில் போய் முதலில் மேலே பார்த்தேன். நைலான் கயிற்றில் முசுறு வரிசை கலையாமல் போய்க்கொண்டிருந்தது. பிறகு கம்பியைப் பிரித்துச் சுருட்டி, கொட்டகை ஆணியில் மாட்டினேன். வயரையும் சுற்றி வைத்தேன். அதன் பிறகுதான் கத்தினேன். அந்தக் கத்தல் பொய்யில்லை. அவனை நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். தண்ணீரிலிருந்து தூக்கவும் நான்தான் முதலில் இறங்கினேன். கனமாக இருந்தான்.

குக்கர் வயரைத் திருப்பிச் செருக மறந்துவிட்டேன். சோற்றை நான் அரைவேக்காட்டில் விட்டது அன்று ஒரு நாள்தான். அவனுக்குக் குழைந்த சோறுதான் பிடிக்கும்.

தோவானின் எலிக்கம்பி எங்கள் கால்வாயின் முனை வரைக்கும் வருகிறது. அதன் ஒரு நுனி அறுந்து தண்ணீருக்குள் கிடந்தது. எப்போது அறுந்ததோ. அதை நான் செய்யவில்லை. நம்புங்கள். எல்லோரும் அதைப் பார்த்தார்கள். யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. தோவானே நம்பிவிட்டான். சவப்பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் முட்டிக்கொண்டு அழுதான்.

"அக்கா, சுவிட்சை அணைச்சேன்னுதான்க்கா நினைச்சேன். அணைச்சேன்க்கா. அணைக்கலையோ?"

நான் அவன் தோளில் கை வைத்தேன்.

"விடுப்பா. வேணும்னா செஞ்சே" என்றேன்.

பெருந்தன்மை என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. அந்த நேரத்தில் மறுத்தால் அவனுக்கு இன்னும் குழப்பமாகியிருக்கும்.

மறுநாள் காலை வாள்காரன் சொன்னபடி வந்துவிட்டான். அவனுக்கு விஷயம் தெரியாது. வந்தவனை ஏன் சும்மா அனுப்புவது, பந்தல் போட இடமும் வேண்டும், சமைக்க விறகும் வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். லுவா தலையை ஆட்டினாள். நான் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து போய்த் தடுக்க முடியாது. மரம் விழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் முசுறு பந்தலுக்குள் வந்தது. துக்கத்துக்கு வெள்ளைத் துணி கட்டிய தலைகளில் ஏறியது. மேளக்காரனைக் கடித்தது. பின்னால் யாரோ மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது.

"மச்சானுங்க துக்கத்துக்கு வந்துட்டாங்கடா."

"வாயை மூடு."

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைத் துணியால் பொத்திக்கொண்டேன். தோள் குலுங்கியது. பெண்கள் வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள்.

இப்போது லுவா துரியன் வேண்டாம் என்கிறாள். "எனக்குத் தோட்டம் தெரியாதுக்கா. நீங்களே பாத்துக்கங்க. ரெண்டு கரையும் உங்களுதுதான்" என்றாள். நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள். நிலத்துக்காகச் செய்தேன் என்று நீங்கள் எழுதிவிடக்கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். இரண்டு கரையிலும் கயிறு கட்டியிருக்கிறேன். ஆனால் ராணி இல்லை. முசுறு குறைந்துகொண்டு வருகிறது. மழை வந்தால் மரங்கள் துளிர்விடும். நேற்று இங்கே வருவதற்கு முன்னால் ஒரு இளம் இலையைத் திருப்பினேன். கோடு இருந்தது.

தோவானை விட்டுவிடுங்கள். அவன் ஒன்றும் செய்யவில்லை. ஒருவன் செய்யாத குற்றத்துக்குச் சிறையில் இருக்கிறான் என்று தெரிந்து நான் எப்படிச் சாப்பிடுவேன், எப்படித் தூங்குவேன். அதனால்தான் ஒப்புக்கொள்கிறேன். வேறு காரணம் இல்லை. காட்டில் ராணி இருக்கும் கூட்டை அடையாளம் கண்டு இறக்கத் தெரிந்தவன் இப்போது எங்கள் ஊரில் அவன் ஒருவன்தான். அது வேறு விஷயம். ஆனால் மழைக்கு முன்னால் விட்டீர்களென்றால் நல்லது. நான் இல்லாவிட்டாலும் எந்த மரத்தில் கூட்டை வைக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிவிடுங்கள். கிழக்குக் கரையில், கால்வாயை ஒட்டிய இரண்டாவது மரம். கீழ்க்கொப்பில் வைக்கக் கூடாது.

கம்பியில் கரண்டு விட்டது நான்தான். வின் அதைக் கையால் பிடிப்பான் என்று தெரிந்துதான் விட்டேன். ஒரு தடவை கை சுண்டினால் பிறகு அந்தப் பக்கம் வரமாட்டான் என்று நினைத்தேன். நாளைக்கு மரமே இருக்காது என்று அவன்தான் சொன்னானே, பிறகு எதற்குப் பயம் காட்ட வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். என்னிடம் பதில் இல்லை. இவ்வளவு நேரம் யோசித்தும் வரவில்லை.

மரத்தில் தொட்டு மோந்து பார்த்தீர்களே, அது சைக்கிள் செயினுக்குப் போடுகிற கிரீஸ். கம்பியின் இரண்டு முனையிலும் பட்டையைச் சுற்றித் தடவியிருந்தேன். எறும்புப் பாலத்தில் எறும்பு ஏறாதபடி யாராவது கிரீஸ் தடவுவார்களா என்று நீங்கள் அப்போதே யோசித்திருப்பீர்கள். அதனால்தான் மேலே தனியாகக் கயிறு கட்டினேன். கம்பியில் அன்று ஒரு முசுறுகூட ஏறவில்லை. வயர் இழுத்து முடிக்கும் வரை நான் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். கோழிக்குடலைக்கூடச் சந்தையில் கேட்டு வாங்குவேனே தவிர, கோழியை நான் அறுத்ததில்லை. என் கையால் ஒரு உயிரும் போய்விடக்கூடாது என்றுதான் அந்தக் கிரீஸைத் தடவினேன்.